நாடியும் பக்கவாதமும்



முதுமையிற் சிலர்க்கு இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காய்ச் சுருங்காமல் நடுங்கும். அப்போது இடப்புற மேலறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறையும். அக்கட்டி பெயர்ந்து சென்று மூளைக் குழாயை அடைப்பின் பக்கவாதம் நேரும். இன்னோர்க்கு அவ்வபாயம் ஏனையோரினும் ஏறக்குறைய 5 மடங்கு. பலர்க்கு முன்னதாக யாதொரு வருத்தமும் தோன்றாமையே இந்நோயின் வஞ்சம்.

ஆதலின் 65 வயது கடந்தாரின் கைந்நாடியை ஒரு நிமிஷம் பார்த்தல் வேண்டும். அது தாளந்தப்பித் துள்ளுமாயின் வைத்தியரிடம் அழைத்துச் சென்று ஈ.ஸி.ஜி. எடுப்பித்தல் கடன். தக்கவர்க்கு அவர் இரத்தம் உறையாமைக்குரிய மருந்து அளிப்பர். எலிக்கு நஞ்சாக 1948-இல் விற்கப்பட்ட வார்பரின், 1954-இல் மக்கட்கு மருந்தாயிற்று. இவ்வகைப் பக்கவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைத் தடுக்க வல்லது. அளவு மிகின் குருதி கசியும்; குறையின் உறையும். ஆகவே அதனை உண்பார் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. பின்வந்த புது மருந்துகட்கு அப்பரிசோதனை அடிக்கடி வேண்டுவதில்லை. ஆஸ்பிரின் இவற்றிற்கு ஈடாகாது.

"உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது" என்று வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்துதலே பெருங்கேடு. அச்சுகம் மருந்து தந்த காவல் அன்றோ?

பெற்றோரின் பாதம் பணியும் நாம், இன்றிரவே அவர்தம் கையைப் பற்றி நாடியையும் பார்ப்போமாக.