நம் ஊருக்கு ஒரு மருத்துவர் வேண்டும்

(உடுமலையில் நமது ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



   

நம் ஜமாஅத்தின் மகள் ஒருத்தி இவ்வாண்டு மருத்துவப் படிப்பை நிறைவு செய்திருக்கிறாள். அவளுடைய அத்தா தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்பவர். சென்ற மாதம் தந்தையும் மகளும் என்னிடம் வந்தார்கள். "ஹஜ்ரத், கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்கு அழைக்கிறார்கள். அங்கே போவதா, நம் ஊருக்கே திரும்பி வருவதா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். அன்று நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தர வேண்டிய பதிலில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது என்பதால், இந்தச் சபையில் சொல்லலாமென்று காத்திருந்தேன்.

பெரியோர்களே! 1996ஆம் ஆண்டு ஒரு மழைக்கால இரவில் என் மூத்த சகோதரிக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் அதைச் செய்யக்கூடிய மருத்துவர் அருகில் எவரும் இல்லை. வாடகைக் கார் பிடித்துக் கோவைக்குப் புறப்பட்டோம். எழுபது கிலோமீட்டர். பொள்ளாச்சியைக் கடந்து கிணத்துக்கடவை நெருங்கும்போது சகோதரியின் முனகல் நின்றுவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் தாய் பிழைத்தாள். குழந்தையை மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பின் நம் கபரஸ்தானில் அடக்கம் செய்தோம். யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தூரம் என்பது என்ன என்பதை அன்றிரவு நான் அறிந்துகொண்டேன்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் ஓடுகிறது. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி உள்ளிட்ட பதினொரு இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஆயினும் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருப்பதற்கு அவை ஈடாகிவிடுமா?

இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார்கள். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். எவருமே நிறைவேற்றாவிடில் ஊர் முழுவதும் குற்றத்திற்குள்ளாகும். அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, பெயரும் பதவியும் தரும் கல்வியை நோக்கியே எல்லோரும் ஓடுகிறார்களே என்று வருந்தினார்கள். 1111ஆம் ஆண்டு மறைந்த ஒருவரின் வருத்தம் இது! எந்த மதத்தவராயினும் மருத்துவர் மருத்துவரே. ஆனால் ஆட்கள் ஓரிடத்தில் குவிவதும் மற்றோரிடம் வெறுமையாவதும் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நம் தமிழ் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்த மருத்துவர் ஆண் என்பதால் மூவருமே அவரை அழைத்துச் செல்ல மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள். அதைக் கண்ட அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார். பெரிய மருத்துவமனை முதலில் வந்து, பிறகு மருத்துவர் வரவில்லை. ஒரு மருத்துவர் வந்தார், மருத்துவமனை அவரைச் சுற்றி வளர்ந்தது. அந்த மூவரில் ஒருவர் நம்மவர் என்பதை நம் பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தயங்குவோர் மறக்கலாகாது.

தொலைவில் போவானேன்? தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிற்கு 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் வந்தார்கள். குடிசையொன்றே அவர்களுடைய மருத்துவமனை. மலைவாழ் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வந்தபோது அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. பின்னர் அது இருபதளவுக்குக் குறைந்தது.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். நகரத்தில் பணிபுரிவோரெல்லாம் பணத்தாசை கொண்டவர்கள் அல்லர். கோவை சித்தாபுதூரில் இருபது ரூபாய் மட்டுமே பெற்று வைத்தியம் பார்த்த மருத்துவர் பாலசுப்பிரமணியம் 2016இல் மறைந்தபோது ஏழைகள் திரண்டு வந்து அழுதார்கள். இருதய அறுவை சிகிச்சையை நம் ஊரில் செய்ய இயலாது. கருவியும் குழுவும் இருக்குமிடத்திலேயே அதைச் செய்ய வேண்டும். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், பிரசவம், பிள்ளை நோய் ஆகியவற்றுக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சிற்றூர் மருத்துவரின் சிரமத்தையும் நினைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கலந்து பேச மூத்த மருத்துவர் அருகில் இல்லை. ஓய்வுநாள் இல்லை. பெருநாளன்றும் கதவு தட்டப்படும். நாமோ, சாதாரணக் காய்ச்சலுக்குக் கோவைக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறோம். உள்ளூர் மருத்துவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். நோயாளி இறந்துவிட்டால் கூட்டமாகச் சென்று கூச்சலிடுகிறோம். மருத்துவர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது நமக்கு வெட்கமில்லையா? ஊர் மருத்துவரை மதிக்காத ஊருக்கு மருத்துவர் ஏன் வர வேண்டும்?

எனவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜமாஅத்துக்குச் சொந்தமான கடைகளில் ஒன்றை, திரும்பி வரும் மருத்துவருக்கு முதல் மூன்றாண்டுகள் வாடகையின்றி ஒதுக்குங்கள். எல்லாச் சமுதாய மக்களும் அங்கு வந்து வைத்தியம் பெறட்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பது திருமறையின் போதனை. அந்த உயிர் இன்னாருடையது என்று அங்கே பிரிக்கப்படவில்லை.

மகளே! இப்போது உனக்கு என் பதில். உன்னை வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய மருத்துவமனையில் மூத்தோரிடம் தொழிலை நன்றாகக் கற்றுக்கொள். அரைகுறைக் கல்வியோடு சிற்றூரில் தனியே நிற்பது நோயாளிக்கும் ஆபத்து. அல்லது அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேவை செய். அவ்வாறு உழைப்போருக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலங்களுக்கு உண்டென்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. எந்த வழியில் போனாலும், திரும்பும் வழியை மறந்துவிடாதே. வாரம் ஒருநாள் வந்தாலும் போதும். அந்த ஒருநாளில் என் சகோதரியைப் போன்ற ஒருத்தியின் ஆபத்தை முன்கூட்டியே கண்டறிந்து சொல்லிவிடுவாய்.

நீ வரும்போது இந்த ஊர் உன்னை வரவேற்கத் தகுதியுடையதாக இருக்க வேண்டும். அது எங்கள் பொறுப்பு.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் மருத்துவர்களுக்கு ஆற்றலையும், நமக்கு நன்றியுணர்வையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.