மடிக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்: பனிச்சறுக்குப் பலகை படும் பாடு

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் 'ஸ்நோ சிட்டி' திறக்கப்பட்டபோது, கனத்த மேலங்கி அணிந்து, ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து, செயற்கைப் பனியில் வழுக்கி இறங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கலாம். அந்த வளையம் எந்தப் பக்கம் சுழலும் என்பதை அதில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வதில்லை. முகம் முன்னால் போகுமா, முதுகு முன்னால் போகுமா என்பதே தெரியாது. கூடத்துக்குள் அமைந்த சரிவு என்பதால் அதில் கவலையும் இல்லை. சிரித்துக்கொண்டே அடியில் வந்து சேரலாம்.

உண்மையான மலையில் கதை வேறு. அங்கே மரம் நிற்கும், பாறை நீட்டிக்கொண்டிருக்கும், சரிவு முடியும் இடத்தில் சாலையே ஓடும். சறுக்குவண்டியில் போன பிள்ளைகள் மரத்தில் மோதித் தலையில் அடிபடுவது குளிர் நாடுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கும் துயரம். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் கழகம் பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, திருப்பக்கூடிய வண்டியை வாங்குங்கள் என்பது. வட்டத் தட்டும் தட்டையான பிளாஸ்டிக் விரிப்பும் மலிவுதான். ஆனால் அவை போகிற போக்கில்தான் போகும்.

ஆகவே பனிப்பலகை செய்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, இதைத் திருப்ப முடியுமா, நிறுத்த முடியுமா என்பதாகும். அதற்குப் பிறகு இன்னொரு விருப்பம் வந்து சேருகிறது. பலகையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதைக் காரில் ஏற்ற வேண்டும், பேருந்தில் கொண்டுபோக வேண்டும். கம்பிவட ஊர்தி இல்லாத மலையாக இருந்தால் முதுகில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பலகையில் காற்று அடித்தால் ஆளையே தள்ளிவிடும். இதை மடித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். குடையை மடிக்கிறோம், நாற்காலியை மடிக்கிறோம், பலகையை மடித்தால் என்ன?

மடிப்பதும் திருப்புவதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. ஏன் என்று புரிந்துகொள்ள, பலகை எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1889ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் சாமுவேல் லீட்ஸ் ஆலன் என்ற தொழிலதிபர் ஒரு சறுக்குவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் செய்துவந்தது விதைக்கும் கருவிகள், களை பறிக்கும் கருவிகள். விவசாயக் கருவிகளின் வியாபாரம் பருவத்தைப் பொறுத்தது அல்லவா? வேலையில்லாத மாதங்களில் தொழிலாளர்களை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ள வேறு ஏதேனும் பொருள் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் 'ஃபிளெக்சிபிள் ஃபிளையர்'. அதற்கு முன்பு சறுக்குவண்டிகளின் அடியில் இருந்த ஓட்டச் சட்டங்கள் விறைப்பாக இருந்தன. காலைப் பனியில் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆலன் மெல்லிய எஃகுச் சட்டங்களைப் பொருத்தினார். முன்னாலுள்ள குறுக்குக் கட்டையைத் தள்ளினால் அந்த எஃகு வளையும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சக்கரமும் இல்லை, சுக்கானும் இல்லை. வளைவதே திரும்புவது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெல்லிய எஃகுச் சட்டம் கெட்டிப்பட்ட பனியில்தான் ஓடும். புதிதாகப் பெய்த மென்பனியில் புதைந்துவிடும். அதற்கு அகலமான பலகை வேண்டும்.

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரில், ஏரிக்கரை மணல்மேட்டை ஒட்டி ஷெர்மன் பாப்பன் என்பவரின் வீடு. மனைவி நிறைமாதம். வீட்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளைச் சற்று வெளியே கூட்டிக்கொண்டு போகும்படி கணவரிடம் சொன்னார். பாப்பன் பிள்ளைகளின் ஸ்கீ மட்டைகள் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து, குறுக்கே கட்டை வைத்து ஒரே பலகையாக்கினார். கடலில் அலைச்சறுக்கு செய்பவரைப் போல அதன்மேல் நின்றபடி பிள்ளைகள் பனியில் இறங்கினார்கள். 'ஸ்னோ', 'சர்ஃபர்' என்ற இரு சொற்களையும் சேர்த்து 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் மனைவிதான். அடுத்த ஆண்டே பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. இலட்சக்கணக்கில் விற்றது.

ஸ்னர்ஃபரின் மூக்கில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்தபடி உடலைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். காலைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. ஓரத்தில் எஃகு விளிம்பும் இல்லை. மேட்டில் பிள்ளைகள் விளையாட அது போதும். பெரிய மலைக்குப் போதாது. ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற இளைஞர் 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் சொந்தமாகப் பலகை செய்யத் தொடங்கினார். காலைப் பிடித்துக்கொள்ளும் பட்டைகளைப் பொருத்தினார். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு அந்தப் பலகையோடு போய் நின்றபோது, இதைச் சேர்ப்பதா கூடாதா என்று சச்சரவு எழுந்தது. கடைசியில் அவருக்கென்று தனிப் பிரிவு ஒதுக்க வேண்டியதாயிற்று.

மலைச்சறுக்குத் தளங்களும் இந்தப் பலகையை இலேசில் உள்ளே விடவில்லை. 1983இல் ஸ்டிராட்டன் மலை அனுமதித்தது. சில தளங்களில், பலகையோடு வருபவர் தன்னால் திரும்பவும் நிற்கவும் முடியும் என்று முதலில் செய்து காட்ட வேண்டும். அப்போதுதான் மேலே போக அனுமதிச் சீட்டு. பழமைவாதம் என்று இளைஞர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தாலும், அந்தச் சோதனையில் தவறு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் இடம்பெற்றது. யூட்டா மாநிலத்தின் ஆல்டா தளமோ இன்றுவரை ஸ்கீக்காரர்களை மட்டுமே ஏற்றிச் செல்கிறது.

சரி, இன்றைய பலகை எப்படித் திரும்புகிறது? அதை மேலிருந்து பார்த்தால் இலேசான உடுக்கை வடிவம் தெரியும். நடுவில் இடுப்புச் சிறுத்திருக்கும். மூக்கும் வாலும் அகலமாக இருக்கும். ஓரத்தின் அந்த வளைவை நீட்டினால் ஒரு பெரிய வட்டம் கிடைக்கும். அதன் ஆரம் பல பலகைகளில் 8 மீட்டர் அளவில் இருக்கும். பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தும்போது மூக்கும் வாலும் முதலில் பனியைத் தொடுகின்றன. நடுவிலுள்ள இடைவெளியை நிரப்ப, ஆளின் எடை பலகையை வில்லாக வளைக்கிறது. எஃகு விளிம்பு அந்த வில்லின் கோட்டிலேயே பனியைக் கீறிக்கொண்டு போகிறது. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு சிறிய வட்டம். கெட்டியான பனியில் 60 பாகை சாய்த்தால், 8 மீட்டர் ஆரம் ஏறக்குறைய 4 மீட்டராகச் சுருங்கும். மரத்தின் முன்னால் திரும்புவதற்கு அந்த 4 மீட்டர்தான் வேண்டும்.

இந்த வில் ஒரே சீராக வளைவதற்காகத்தான் பலகைக்குள் நீளவாக்கில் மர நடுப்பகுதி வைத்து, மேலும் கீழும் கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து ஒட்டுகிறார்கள். மூக்கிலிருந்து வால்வரை ஓடும் அந்த இழைகளே சுமையைத் தாங்குகின்றன.

இப்போது பலகையை நடுவில் குறுக்கே வெட்டி ஒரு கீல் போட்டு மடிப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டுப்படுவது எது? சுமை தாங்கும் இழைகள் அத்தனையும். வளைக்கும் விசை மிகுந்திருப்பதும் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள அந்தப் பகுதியில்தான். கீல் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சிறிது ஆட்டம் இருக்கும். பலகையின் கனம் 1 செண்டிமீட்டர். கீலில் வெறும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், 75 செண்டிமீட்டர் தள்ளியிருக்கும் மூக்கில் அது 7 செண்டிமீட்டருக்கும் மேல் ஆடும். திரும்ப வேண்டிய நேரத்தில் மூக்கு தொங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தைப் போக்கக் கீலைத் தடித்த எஃகில் செய்தால் நடுப்பகுதி வளையவே வளையாது, எடையும் கூடிவிடும். போதாக்குறைக்கு எஃகு விளிம்பும் அந்த இடத்தில் அறுபட்டிருக்கும். காகிதத்தில் அழகாக மடியும் பலகைகள் மலைக்குப் போனதும் தடுமாறுவது இதனால்தான்.

மூங்கிலை எண்ணிப் பாருங்கள். குறுக்கே வெட்டி மீண்டும் கட்டினால் அது இரண்டு துண்டுதான்; என்ன கட்டுக் கட்டினாலும் பழைய துள்ளல் வராது. அதையே நீளவாக்கில் பிளந்தால்? ஒவ்வொரு பிளாச்சும் வில்லாக வளைகிறது. நார் அறுபடவில்லை.

பனிப்பலகைக்கும் வழி அதுவாகத்தான் அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் யூட்டா மாநிலத்தில் பிரெட் கோபெர்னிக் என்பவர் தம் ஸ்னோபோர்டை மூக்கிலிருந்து வால்வரை நீளவாக்கில் அறுத்தார். மலை ஏறும்போது இரண்டு பாதிகளும் இரண்டு ஸ்கீகள். அடியில் ஒருபக்கமாகப் படியும் மயிருள்ள பட்டையை ஒட்டிக்கொண்டால் முன்னே நகரும், பின்னே வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, பாதிகளைச் சேர்த்துப் பூட்டினால் மீண்டும் ஒரே பலகை. சால்ட் லேக் நகரத்தின் வொய்லே நிறுவனம் 1994இல் இதற்கான பொருத்து சாமான்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பலகை மட்டும் வாங்குபவருடையது. காசு கொடுத்து வாங்கிய நல்ல பலகையின்மேல் கோடு போட்டு, மின்வாளை எடுத்துத் தாமே இரண்டாக அறுக்க வேண்டும்! வெட்டுவாயில் தெரியும் மரத்துக்குள் ஈரம் இறங்காதபடி பிசின் பூச வேண்டும். கை நடுங்காமல் அறுத்தவர்கள் எத்தனை பேரோ. பாப்பன் இரண்டு ஸ்கீயைச் சேர்த்து ஒரு பலகை செய்தார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு பலகை இரண்டு ஸ்கீயானது.

நீளவாக்கில் அறுத்தாலும் இழப்பு உண்டு. வளையும் தன்மை தப்பியது, முறுக்குப்படாமல் நிற்கும் வலு குறைந்தது. இரண்டு பாதிகளும் தனித்தனியே நழுவப் பார்க்கும். அதைச் சரிசெய்த விதம்தான் இதில் மிக அழகான பகுதி. புதிதாக ஒரு பாலம் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த காலணிப் பிடிகளையே பாலமாக்கினார்கள். ஸ்னோபோர்டில் கால்கள் பலகைக்குக் குறுக்கே நிற்கின்றன. எனவே ஒவ்வொரு பிடியும் இரண்டு பாதிகளின் மேலும் படிகிறது. ஒவ்வொரு பாதியிலும் திருகிய வட்டக் கட்டைகளின்மேல் பிடியை நழுவவிட்டு ஓர் ஊசியால் பூட்டினால், ஆளின் எடையே பாதிகளைச் சேர்த்து அழுத்திவிடும். மூக்கிலும் வாலிலும் ஒவ்வொரு கவ்வி, நடுவே கொக்கிகள். அவ்வளவுதான். வீட்டில் அறுத்த பலகைகளின் உள்ளோரத்தில் எஃகு விளிம்பு இருக்காது. கெட்டிப் பனியில் ஏறும்போது அது வழுக்கும். பின்னர் தொழிற்சாலையிலேயே பிளந்து செய்த பலகைகள் அந்தக் குறையையும் தீர்த்தன.

மீதமிருக்கும் சிக்கல் பனியே. உருகி மீண்டும் உறைந்த பனி பூட்டுகளுக்குள் கல்லாக இறுகிவிடும். கையுறையைக் கழற்றாமல் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்றினால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். இது வசதிக்காகச் சொல்வதன்று. பனிப்படலம் பெயர்ந்து சரியும் விபத்துகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் நேர்கின்றன. பலகைக்காரர்கள் தேடிப் போவதும் அதே சரிவுகளை. அத்தகைய இடத்தில் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தான நிமிடம். அதனால்தான் எத்தனை அசைவில் பூட்டலாம் என்பதிலேயே தயாரிப்பாளர்களுக்குள் போட்டி நடக்கிறது.

சுருட்டி எடுத்துப்போக வேறொரு வழியும் இருக்கிறது: காற்று. சுவிட்சர்லாந்தில் உருவான 'ஏர்போர்ட்', காற்றடைத்த மெத்தை போன்றது. காற்றை இறக்கினால் முதுகுப் பைக்குள் அடங்கும். கீலும் இல்லை, வெட்டும் இல்லை. அடியிலுள்ள வரிப்பள்ளங்கள் பனியைப் பற்ற, உடலை இடவலமாகச் சாய்த்துத் திருப்பலாம். ஆனால் குப்புறப் படுத்துக்கொண்டு, தலை முன்னால் போக வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் அதில் ஏறுவது விவேகமாகாது. பிள்ளைகள் கால் முன்னால் இருக்கும்படி உட்கார்ந்தே சறுக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்தும்போது, இது அதற்கு நேர் எதிர்.

பிளந்த பலகையில் இறங்குபவர், இறங்குமுன் மண்டியிட்டு இரண்டு பாதிகளுக்கு நடுவிலுள்ள கோட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் துடைக்கிறார். மூக்கைக் கையால் பிடித்து முறுக்கிப் பார்க்கிறார். சிறிது ஆடினாலும் கவ்வியைத் திறந்து, உள்ளே உறைந்திருக்கும் பனியைத் தட்டிவிட்டு மறுபடியும் பூட்டுகிறார். பையில் ஒரு திருப்புளியும், மாற்றுத் திருகாணிகள் நாலைந்தும் எப்போதும் இருக்கும்.