மாவு பிசையும் பொறி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் ரொட்டி செய்வோர் மாவு பிசையப் பயன்படுத்தும் மின்பொறி. கடைக்காரர்கள் இதனை ஸ்டாண்டு மிக்சர் என்பார்கள். மிக்சர் என்றதும் உங்களுள் சிலருக்குக் காராபூந்தியும் ஓமப்பொடியும் கலந்த தின்பண்டம் நினைவுக்கு வரலாம். வேறு சிலருக்குச் சட்டினி அரைக்கும் மிக்சி நினைவுக்கு வரலாம். நான் சொல்வது இவ்விரண்டும் அன்று. மிக்சியில் கூரிய அலகு ஒன்று மிக விரைவாகச் சுழன்று பொருளை வெட்டி அரைக்கிறது. நான் சொல்லும் பொறியோ எதனையும் வெட்டுவதில்லை. கனத்த பீடம், அதன்மேல் ஒரு கழுத்து, கழுத்தின் முனையில் தலை, தலையிலிருந்து தொங்கும் கொக்கி, கொக்கிக்குக் கீழே ஒரு கிண்ணம். இவ்வளவுதான் அதன் தோற்றம். கொக்கி மெல்லச் சுழன்று மாவை மடித்தும் இழுத்தும் அழுத்தியும் பிசைகிறது.

கணிதமும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்குச் சமையலறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ரொட்டி மாவு பிசைவதில் விசை இருக்கிறது, உராய்வு இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. மேலும், ஒரு குடும்பம் தன் பல மாத மிச்சத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் இது. விளம்பரத்தில் காணும் ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அதனாலேயே இதைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

மாவை ஏன் பிசைய வேண்டும்? தண்ணீரில் கலந்துவிட்டால் போதாதா? கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்னும் இருவகைப் புரதங்கள் இருக்கின்றன. மாவு நனைந்ததும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் பொருளாகின்றன. பிசையப் பிசைய அந்தப் பிணைப்பு ஒரு வலைபோல் ஒழுங்குபடுகிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வெளியிடும் கரியமில வாயு அவ்வலைக்குள் சிக்கிக்கொள்வதால்தான் ரொட்டி உப்புகிறது. அரிசி மாவில் இப்புரதங்கள் இல்லை. அதனை நாள் முழுவதும் பிசைந்தாலும் இத்தகைய வலை உண்டாகாது. நம் இட்லி உப்புவது உளுந்தின் தயவால். அது வேறு கதை.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிடி கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெல்லக் கசக்குங்கள். வெண்மையான மாச்சத்து தண்ணீரில் பிரிந்து போகும். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பின் கையில் மிஞ்சுவது, மங்கிய நிறமுடைய, ரப்பர்போல் இழுபடும் ஓர் உருண்டை. அதுவே குளூட்டன். இத்தாலி நாட்டில் போலோன்யா நகரத்து அறிஞர் பெக்காரி என்பவர் 1728-இல் இச்சோதனையை விளக்கிப் பேசினார். 1745-இல் அது அச்சில் வந்தது. மைதாவைக் கொண்டு செய்தால் உருண்டை இன்னும் எளிதில் கிடைக்கும்.

இந்த வலையை உண்டாக்கும் வேலை நெடுங்காலம் மனிதனுடைய கைக்கும் தோளுக்குமே உரியதாக இருந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில் ஹோபார்ட் என்ற தொழிற்சாலையில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்னும் பொறியாளர் இருந்தார். ரொட்டிக்காரர் ஒருவர் உலோகக் கரண்டியால் மாவைக் கிளறிப் பாடுபடுவதை 1908-இல் அவர் கண்டதாகவும், இதற்கு ஒரு பொறி செய்யலாகாதா என்று எண்ணியதாகவும் சொல்வார்கள். சில ஆண்டுகளில் 80 குவார்ட், அதாவது ஏறக்குறைய 75 லிட்டர் கொள்ளும் பெரிய பொறி ரொட்டிக் கடைகளுக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையற்கூடங்களிலும் அது இடம்பெற்றது. வீட்டுக்கென்று சிறிதாக்கிய பொறி 1919-இல் கிச்சன்எய்டு என்ற பெயரோடு வெளிவந்தது. சிறிது என்று சொன்னேனே தவிர, அதன் எடை 65 பவுண்டு. நம் கணக்கில் 29 கிலோவுக்கு மேல். 1937-இல் எக்மாண்ட் ஆரென்ஸ் என்பவர் வகுத்த வடிவமே பெரும்பாலும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கென்னத் வுட் என்பவர் 1950-இல் கென்வுட் செஃப் என்னும் பொறியைக் கொண்டுவந்தார்.

இப்பொறிகளின் கொக்கி சுழலும் முறையைக் கோள் இயக்கம் என்பார்கள். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதுபோல, கொக்கி தன்னைச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தையும் வலம் வருகிறது. உவமையில் ஒரு வேறுபாடு உண்டு. பூமியின் இரு சுழற்சியும் ஒரே திசையில் நிகழ்வன. கொக்கியோ ஒரு திசையில் சுழன்று, எதிர்த்திசையில் வலம் வருகிறது. அதனால் கிண்ணம் அசையாமல் இருந்தாலும் கொக்கி எல்லாப் பக்கத்து மாவையும் தொட்டுவிடுகிறது.

இனி, தேர்ந்தெடுப்பதைப் பார்ப்போம். வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை வாட் என்பது. அக்கேள்வி மிகச் சிறிய கேள்வி. மோட்டார் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு மின்னாற்றலை வாங்குகிறது என்பதைத்தான் வாட் சொல்லும். கொக்கியின் முனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாது. மோட்டாரின் சூட்டிலும் பற்சக்கரங்களின் உராய்விலும் ஒரு பகுதி போய்விடுகிறது. மேலும், பிசைவதற்கு வேண்டியது வேகமன்று. மெல்லச் சுழலும்போதும் தளராத முறுக்கு விசை. கியர் வைத்த சைக்கிளில் மேடு ஏறுகிறவன் எந்தக் கியரில் ஏறுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்; விளங்கும். 300 வாட் எடுக்கும் நல்ல பொறியொன்று, 1000 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட மட்டமான பொறியைவிடத் திறமாகப் பிசைவதுண்டு.

ஆகவே, ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மாவு, அதுவும் எந்த மாவு என்று கேளுங்கள். பொறியுடன் வரும் கைப்புத்தகத்தில் இதற்கு விடை இருக்கும். மைதாவுக்கு ஓர் அளவும், முழுக்கோதுமை மாவுக்கு அதைவிடக் குறைந்த அளவும் குறித்திருப்பார்கள். கிண்ணத்தின் கொள்ளளவைக் கண்டு மயங்க வேண்டாம். நாலரை லிட்டர் கிண்ணத்தில் நாலரை லிட்டர் ரொட்டி மாவைப் பிசைய முடியாது. அத்தகைய கிண்ணமுடைய வீட்டுப் பொறிக்கு 500 அல்லது 600 கிராம் மாவு போதும் என்பது என் கருத்து.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பட்டம் பெற்றவள், வீட்டில் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றுவந்தாள். தொழில் சற்று வளர்ந்ததும் தாயாரின் வளையலை அடகு வைத்து ஒரு பொறி வாங்கினாள். அந்தக் கடையில் இருந்தவற்றுள் வாட் எண் மிகுந்தது அதுதான். முழுக்கோதுமை மாவை ஒன்றரை கிலோ வீதம், காலையில் ஓய்வின்றி மூன்று முறை அதில் பிசைவாள். இரண்டாம் மாதத்தில் மோட்டார் உறுமியது, கொக்கி நின்றுவிட்டது. விற்ற கடைக்குக் கொண்டு சென்றாள். வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உத்தரவாதம், விற்பனைக்குச் செய்தால் இல்லை என்று சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வரியைப் பணம் வாங்குமுன் காட்டியிருந்தால் அது நேர்மை. பின்னர் ஒரு மெக்கானிக் பொறியைத் திறந்து பார்த்தார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பற்சக்கரம் மட்டும் பல் உதிர்ந்திருந்தது. சில பொறிகளில் ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே சற்று மென்மையாகச் செய்திருப்பார்கள். சுமை மிஞ்சினால் ஃபியூஸ் கம்பி உருகுவதுபோல் அது முதலில் கெட்டு மோட்டாரைக் காப்பாற்றும். சக்கரத்தை மாற்றியதும் பொறி ஓடியது. இப்போது அவள் 600 கிராம் வீதமே இடுகிறாள். ஒவ்வொரு தடவைக்கும் இடையே மோட்டாரை ஆறவிடுகிறாள். வளையலும் வீடு திரும்பிவிட்டது. வாங்குமுன் உதிரிப் பாகம் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்வது இதனால்தான்.

கொக்கியையும் கவனிக்க வேண்டும். தூண்டில் முள்போல் வளைந்த கொக்கியில் மாவு மேலே ஏறிக்கொள்வதுண்டு. அப்போது பொறியை நிறுத்தித் தள்ளிவிட வேண்டும். திருகுசுருளாக அமைந்த கொக்கி மாவைக் கீழ்நோக்கி அழுத்துவதால் அத்தொல்லை குறைவு. தலையைச் சாய்த்துத் திறக்கும் வகை சிறு குடும்பத்துக்கு வசதியானது. கிண்ணத்தைக் கைப்பிடியால் உயர்த்தும் வகை கனத்த மாவுக்கு உறுதியானது.

கிண்ணமே சுழலும் வகையும் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டில் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1940-இல் கொண்டுவந்த அசிஸ்டென்ட் என்னும் பொறியில், கிண்ணம் சுழல, உருளை ஒன்று ஓரிடத்தில் நின்று மாவை அழுத்துகிறது. இதைக் கேட்டதும் நம் கோயம்புத்தூர் கிரைண்டர் உங்கள் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. அதிலும் பாத்திரம் சுழல்கிறது. குழவி இடம் பெயர்வதில்லை. சில மேசைக் கிரைண்டர்களுடன் மாவு பிசையும் துணைக் கருவியும் தருகிறார்கள். வாரத்துக்கு ஒரு ரொட்டி சுடும் வீட்டுக்கு அதுவே போதும். ஏன், இரண்டு கைகளே போதும். அவர்களும் கடன்பட்டுப் பெரிய பொறி வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். நேரே செருகினால் மோட்டார் கருகும். தகுந்த திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே செருக வேண்டும்.

பிசையும் முறைக்கு வருவோம். மாவையும் தண்ணீரையும் மட்டும் ஒரு நிமிடம் கலந்து, 20 அல்லது 30 நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். உப்பும் ஈஸ்ட்டும் பின்னர் சேரட்டும். பிரெஞ்சு ரொட்டிக்கலைப் பேராசிரியர் ரேமண்ட் கால்வெல் 1974-இல் வகுத்த முறை இது. மாவு ஊறும்போதே வலை தானாக உருவாகத் தொடங்குவதால் பிசையும் நேரம் குறைகிறது. மோட்டாருக்கும் சுமை குறைகிறது. முழுக்கோதுமை மாவில் தவிடு நீரை மெல்ல மெல்லக் குடிப்பதால், அதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. பிறகு குறைந்த வேகத்திலேயே பிசைய வேண்டும். வேகத்தைக் கூட்டினால் பொறி அதிர்ந்து மேசையில் நகரும். கவனிக்காமல் போனால் கீழே விழும். மாவு பிசையும்போது பக்கத்து அறைக்குப் போகாதீர்கள்.

எத்தனை நிமிடம் என்று கேட்பீர்கள். ஏறக்குறைய 8 நிமிடம் என்று சொல்லலாம். ஆயினும் கடிகாரத்தைவிட மாவே நல்ல சாட்சி. நெல்லிக்காய் அளவு கிள்ளி எடுத்து விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், விளக்கின் ஒளி ஊடுருவும் அளவுக்கு ஏடாக விரிந்தால் வலை அமைந்துவிட்டது. மைதாவில் இது நன்கு தெரியும். தவிடுள்ள மாவில் ஏடு சற்று முன்னதாகவே கிழியும். அதற்காகப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. 500 வாட் பொறி 8 நிமிடம் முழுத் திறனோடு ஓடினால் ஆகும் மின்செலவு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள், ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான் வரும்.

நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியது வெப்பக் கணக்கு. கொக்கி மாவை உரசுவதால் மாவு சூடாகிறது. பிசைந்து முடிக்கும்போது மாவு 25 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. மிகுந்தால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கும், ரொட்டியின் மணம் குன்றும். அறை வெப்பத்தையும் மாவின் வெப்பத்தையும் நம்மால் மாற்ற இயலாது. தண்ணீரின் வெப்பத்தை மாற்றலாம். ரொட்டித் தொழிலாளர் கையாளும் கணக்கு இது. வேண்டும் வெப்பத்தை மூன்றால் பெருக்குக. 25-க்கு 75 வரும். அதிலிருந்து அறை வெப்பம் 30, மாவின் வெப்பம் 30, உராய்வுக்கென்று 10, ஆக 70 கழிக்க, மிச்சம் 5. தண்ணீர் 5 பாகையில் இருக்க வேண்டும். அதாவது பனிக்கட்டி இட்ட தண்ணீர். குளிர்நாட்டுப் புத்தகங்கள் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்வதைச் சித்திரை மாதத்தில் நாம் அப்படியே பின்பற்றினால், சுடுமுன்பே மாவு புளித்துவிடும். உராய்வுக்கு நான் இட்ட 10 என்பது ஓர் எடுத்துக்காட்டுதான். பிசைந்து முடித்ததும் மாவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் பொறிக்குரிய எண் கிடைக்கும். அதனைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே கொக்கியைக் கழற்ற வேண்டும். தலைப்பகுதியை ஈரத் துணியால் துடைக்கலாம், தண்ணீரில் கழுவலாகாது. நெடுநாள் ஓய்ந்திருந்த பொறியின் தலையிலிருந்து சில வேளை எண்ணெய்த்துளி கசியும். பற்சக்கரங்களுக்கு இட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிவதே காரணம். துடைத்துவிட்டு, மாவு இடாமல் சிறிது நேரம் ஓட்டுங்கள். மீண்டும் மீண்டும் கசிந்தால், பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதியது இடச் சொல்லுங்கள்.