பொற்றேர் வேண்டுமா?



கருநாடகத்தின் ‘கோல்டன் சாரியட்’, அஃதாவது பொற்றேர், 2008 இல் ஓடத் தொடங்கிய உல்லாச இரயிலாகும். அதன் பெட்டிகள் கதம்பர், ஹொய்சளர் முதலிய அரச மரபுகளின் பெயர் தாங்கியவை. 2024 இல் ஐந்து இரவுப் பயணத்திற்கு ஒருவருக்குக் கட்டணம் ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய்.

ஹம்பியைக் காண்பது எம் அன்னையாரின் நெடுநாள் ஆசை. அவருக்கோ முழங்கால் வலி. “கடன் பட்டேனும் பொற்றேரில் அழைத்துச் செல்க” என்றனர் உறவினர். இரயில்வேயில் கணக்கு எழுதும் யாம், இதற்கும் கணக்கு எழுதிப் பார்த்தோம்.

பெருந்தொகைக்குக் கிடைப்பவை எவை? ஓடும் அறையிலேயே படுக்கை, குளியல், விருந்து, உடன்வரும் வழிகாட்டி, ஊர்தோறும் மூட்டை கட்டி அவிழ்க்கும் தொல்லையின்மை. இவை மெய்யான வசதிகளே, இகழோம். ஆயினும் பொற்றேரில் வந்தவரும் ஓசப்பேட்டையில் இறங்கியே ஹம்பி செல்ல வேண்டும். விட்டலர் கோயிலின் கல்தேர் எல்லார்க்கும் ஒன்றே.

அன்னையாருக்குத் தேவை கீழ்ப்படுக்கை, தரைத்தள அறை, வாசல்வரை கார். எமக்குரிய பாஸில் ஹம்பி எக்ஸ்பிரஸில் சென்றோம். அறைக்கும் காருக்கும் தாராளமாகச் செலவிட்டோம். கல்தேர்வரை மின்வண்டி உதவிற்று. ஹேமகூடத்தில் மட்டும் அவரால் ஏற இயலவில்லை, கீழேயே அமர்ந்திருந்தார். எமக்கு நெஞ்சு வருந்திற்று. ஆனால் பொற்றேரும் அவரைக் குன்றேற்றியிராது அன்றோ?

வசதி படைத்தோர் பொற்றேரில் இனிதே சென்று வருக! எம்போன்றோர், துய்க்கும் வசதிக்கு மட்டும் மிகுவிலை கொடுப்போமாக. பெருமைக்காகக் கடன் படாதிருப்போமாக.