பைக்குள் ஒரு சுத்தியல்



பாரிசுக்குப் பக்கத்தில் கொன்ஃப்லான் என்றொரு ஊர். அங்கே சாமுவேல் பத்தி என்ற 47 வயது வரலாற்று ஆசிரியர் தம் கடைசி நாள்களில் பைக்குள் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு நடமாடினார். பாடம் நடத்துகிறவருக்குச் சுத்தியல் எதற்கு? உயிர்ப் பயம், தோழர்களே!

அப்படி என்ன செய்துவிட்டார்? 2020 அக்டோபரில் கருத்துச் சுதந்திரம் பற்றிய பாடத்தில் சார்லி எப்தோ என்ற பிரெஞ்சு நையாண்டி இதழ் நபிகள் நாயகத்தைப் பற்றி வெளியிட்ட கேலிச்சித்திரத்தைக் காட்டினார். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் காட்டினார். அன்று வகுப்பிலேயே இல்லாத 13 வயதுச் சிறுமி ஒருத்தி, முஸ்லிம் பிள்ளைகளை அவர் வெளியே அனுப்பினார் என்று வீட்டில் பொய் சொன்னாள். அந்தக் குழந்தை மீது எனக்குக் கோபமில்லை. பெற்ற தகப்பன் தீர விசாரித்தாரா? வீடியோ போட்டார். கூடவே ஒரு இஸ்லாமியவாதப் பிரசாரகர் ஓடி வந்து, சிறுமியின் பொய்யை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அக்டோபர் 16, விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அந்த ஆசிரியரை அதுவரை பார்த்தேயிராத 18 வயது இளைஞன் ஒருவன் பள்ளி வாசலில் காத்திருந்தான். காசு வாங்கிக்கொண்டு மாணவர்களே ஆளைக் காட்டினார்கள். வீட்டுக்கு நடந்துபோன ஆசிரியரின் தலையை நடுத்தெருவில் அறுத்தான்!

இதைச் சொன்னால், 'முஸ்லிம்கள் மீது வெறுப்பு' என்கிறார்கள். இல்லை! தொழுகிறவரோடு எனக்கு என்ன சண்டை? தன் மதக் கட்டளைக்கு நாடே பணிய வேண்டும், பணியாதவன் வாழக் கூடாது என்கிற அரசியலோடுதான் சண்டை. அந்த அரசியல் முஸ்லிமையும் விட்டுவைக்கவில்லை. 2015 ஜனவரி 7 அன்று சார்லி எப்தோ தாக்குதலில் 12 பேர் மாண்டார்கள். நடைபாதையில் காயத்தோடு கிடந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் அகமது மெராபே யார்? முஸ்லிம்! இரண்டு நாள் கழித்து யூதர் கடை ஒன்றில் நடந்த தாக்குதலின்போது, வாடிக்கையாளர்களைக் குளிர்பதன அறையில் ஒளித்துக் காத்த லசானா பத்திலி யார்? அவரும் முஸ்லிம்! இவர்களையும் கொலைகாரர்களையும் ஒரே தட்டில் வைக்கிற பிரெஞ்சு வலதுசாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு ஆறாத வேதனை வேறொன்று. பத்தி உயிரோடு இருந்தபோதே, சக ஆசிரியர்களில் ஓரிருவர் அவர் அந்தப் பாடம் எடுத்த விதத்தில் தங்களுக்கு உடன்பாடில்லை என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார்கள். மிரட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நாளைக்கு அந்தப் பாடத்தை எடுக்க எவர் துணிவார்?

மூன்று ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் 13 அன்று, அராஸ் நகரில் ஒரு பள்ளிக்குள் கத்தியோடு வந்தவன் வரலாற்று ஆசிரியரைத் தேடினான். குத்துப்பட்டு இறந்த தொமினிக் பெர்னார், பிரெஞ்சு மொழி ஆசிரியர்.