வாய்க்காலும் கரையும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலமும் பூகோளமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு வற்புறுத்திச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஒரு சொல்லின் பொருளை வாயால் சொல்லுமுன் கரும்பலகையில் வரைந்து காட்டவேண்டும் என்பதே அது. மலையை வரைந்துவிடலாம், தீவையும் வரைந்துவிடலாம். ஆனால் நீர் செல்லும் வழிகளுக்கும், அவற்றை ஒட்டிய நிலத்திற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றை வரையப் புகுந்தால் கையிலுள்ள சுண்ணக்கட்டி தடுமாறும். அத்தகைய சில சொற்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

‘ஸ்ட்ரெய்ட்’, ‘இஸ்த்மஸ்’ என்னும் இரண்டும் எளியவை. முன்னது இரு கடல்களை இணைக்கும் குறுகிய நீர்; பின்னது இரு நிலப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நிலம். நான் படித்த காலத்தில் இவற்றை ஜலசந்தி, பூசந்தி என்றோம். இப்பொழுது முன்னதை நீரிணை என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேருக்குக் குறுகியது, இறுகியது என்று பொருள். தமிழில் பெயரிட்டவர்கள் அகலத்தை நோக்காமல் அது செய்யும் வேலையை நோக்கினார்கள். எவை சந்திக்கின்றன என்பதைச் சொன்னார்கள். தமிழ்ப் பெயரே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. மாணவர்களுக்கு இங்கே வரும் தொல்லை எழுத்துப் பிழை ஒன்றுதான். இரண்டு எழுத்துகளைக் கூட்டி, ‘நேரானது’ என்று பொருள்படும் சொல்லை எழுதிவிடுவார்கள். நேரான நீரிணை எதையும் நான் தேசப்படத்தில் கண்டதில்லை!

பூசந்தியை வெட்டினால் பிறப்பது ‘கனால்’. சூயஸை வெட்டி 1869-இல் கப்பல் விட்டார்கள். கிரேக்க நாட்டில் கொரிந்துவை 1893-இலும், பனாமாவை 1914-இலும் வெட்டி முடித்தார்கள். சூயஸில் கடல்நீர் தடையின்றி ஓடுகிறது. பனாமாவிலோ, மதகுப் பெட்டிகளில் நீரை நிரப்பிக் கப்பலை ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திற்குத் தூக்கி, ஏரி ஒன்றின் வழியே செலுத்தி, மறுபுறம் இறக்குகிறார்கள். இரண்டும் கனால்களே, இரண்டும் மனிதன் வெட்டியவை.

இனிச் ‘சானல்’ என்னும் சொல்லுக்கு வருவோம். கனாலும் சானலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் நாணலைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. உள்ளே துளையுள்ள தண்டு என்னும் கருத்திலிருந்து குழாய், நீர்வழி என்னும் பொருள்கள் வளர்ந்தன. அந்த ஒரு சொல்லே வெவ்வேறு வழியாக ஆங்கிலத்துள் புகுந்து இரண்டாயிற்று. கனால் என்றால் பெரும்பாலும் வெட்டப்பட்டது. சானல் என்றால் ஆற்றின் படுகையாக இருக்கலாம். கடலின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். சில வேளைகளில் பாசனத்திற்கு வெட்டிய சிறு வாய்க்காலாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கடலை ஆங்கிலேயர் சானல் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர், சட்டைக் கை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நாமோ நம் புத்தகங்களில் ‘ஆங்கிலக் கால்வாய்’ என்று எழுதி வைத்தோம்! மிகக் குறுகிய இடத்திலேயே முப்பத்து மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள கடல் அது. ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, “சார், அதை வெட்டியது யார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறான், பிழை பெயரிட்டவர்களுடையது. அதற்கு நேர்மாறான வேடிக்கை தஞ்சையில் உண்டு. மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டி 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாயை ஊர்மக்கள் ‘புது ஆறு’ என்றார்கள்.

இது ஒரு பிள்ளையின் கேள்வியோடு போயிற்று. இதே பிழை மேனாட்டில் படித்த பெரியோரைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. 1877-இல் மிலான் நகர வானாய்வாளர் ஸ்கியாபரெல்லி, செவ்வாய்க் கிரகத்தில் மெல்லிய கோடுகளைக் கண்டதாகக் கூறி, அவற்றுக்குக் ‘கனாலி’ என்று பெயரிட்டார். இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கை நீர்வழியையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘சானல்’ என்று பெயர்த்திருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும். ‘கனால்’ என்றே பரவிவிட்டது. சூயஸ் திறந்து எட்டாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கால்வாய் என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டுமல்லவா? அமெரிக்கச் செல்வர் லோவல் 1894-இல் அரிசோனாவில் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்து, செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் துருவப் பனி உருகிய நீரால் பாசனம் செய்கின்றன என்று எழுதினார். வாலஸ் போன்ற அறிஞர்கள் மறுத்தும் அந்த எண்ணம் எளிதில் மறையவில்லை. 1965-இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள் நிறைந்த பாழ்நிலமே தெரிந்தது. கால்வாய் ஒன்றுமில்லை, முன்னோர் கண்ட கோடுகள் பெரும்பாலும் கண்மயக்கம். இதில் ஒரு விந்தை. 1971-இல் அங்கே சென்ற மாரினர் 9, பண்டு நீர் ஓடி வறண்ட படுகைகளை மெய்யாகவே படம் பிடித்தது. அவற்றை ஆங்கிலத்தில் சானல் என்றே சொல்லுகிறார்கள்.

பிறர் பிழையைச் சொல்லி மகிழ்ந்தாயிற்று. என் பிழையையும் சொல்லிவிடுகிறேன்.

‘டைக்’ என்று ஒரு சொல். கடல் நீரைத் தடுக்கும் கரை என்று பாடப்புத்தகம் கூறும். ஒல்லாந்து நாட்டின் நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே இருப்பது. 1953-ஆம் ஆண்டு சனவரி 31 இரவு எழுந்த புயலில் அங்கே கரைகள் உடைந்து 1,800 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய நாட்டில் அந்தக் கரையே உயிர். இதை நான் உருக்கமாகவே கற்பித்து வந்தேன். நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒரு தேர்வில், ‘டைக் என்பதற்குப் பொருள் தருக’ என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன் ‘வெட்டிய பள்ளம்’ என்று எழுதினான். சுழி போட்டேன். மறுநாள் அவன் தன் பாட்டனாரின் தடித்த அகராதி ஒன்றைச் சுமந்துவந்து, விரலால் ஓரிடத்தைக் காட்டி, “சார், இதில் அப்படித்தான் இருக்கிறது” என்றான். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அகராதியை மூடி அவன் கையில் கொடுத்து, “உட்கார்” என்றேன்.

அவன் எழுதியது சரி. பள்ளத்தைக் குறிக்கும் ‘டிட்ச்’ என்னும் சொல்லும் ‘டைக்’ என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒன்றே. நம் உழவர் வாய்க்கால் வெட்டுவதை எண்ணிப் பாருங்கள். தோண்டிய மண்ணை எங்கே போடுகிறார்கள்? ஓரத்திலேதான். பள்ளமும் கரையும் ஒரே மண்வெட்டி வீச்சில் பிறக்கின்றன. அதனால் சொல் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலத்தில் இன்றும் வடிகால் பள்ளத்திற்கு அதுதான் பெயர். ஸ்காட்லாந்தில் கற்சுவருக்கும் அதுதான் பெயர். எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஆஃபா மன்னன் பெயரால் வேல்ஸ் எல்லையில் நிற்கும் டைக்கில் கரையும் உண்டு, பள்ளமும் உண்டு. இவற்றையெல்லாம் நான் அறிந்தது ஓய்வு பெற்ற பிறகு, வேறு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டியபோது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அந்த மாணவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. அருகில் அமர்த்தி, “தம்பி, அன்று நீ எழுதியது சரி, நான் போட்ட சுழி தவறு” என்றேன். அவர் சற்று விழித்தார். என்ன சொல் என்பதே அவருக்கு நினைவில்லை. “சார், நீங்கள் அகராதியை மூடியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அதை நான் பள்ளிக்கு எடுத்துவரவில்லை” என்றார். பிறகு, நான் வருந்துவதைக் கண்டோ என்னவோ, “இப்பொழுதும் வீட்டில் இருக்கிறது சார், அட்டைதான் போய்விட்டது” என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டிற்குச் சென்றேன். இருவருமாக அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தோம்.