கண்ணில் விழும் சன்னல்

(நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் ஆக்லாந்தில் ஒரு நர்ஸ். டிப்ளமோ முடித்து இந்த நாட்டுக்கு வந்து, வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுகிறவள். ஒளிப்படக் கலைஞர் இல்லை. ஆனாலும் உருவப்படத்தில் கண்ணுக்கு ஒளி வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் தாத்தாவின் படம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அது மாட்டியிருந்தது. தாத்தா உயிரோடு இருந்தவரை ஸ்டூடியோ பக்கமே போனதில்லை. இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மூடிய கண்களின் மேல் ஸ்டூடியோக்காரர் திறந்த கண்களை வரைந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் நம் ஊர்ப்பக்கம் இப்படிச் செய்வது உண்டு. சின்ன வயதில் எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் பயம். தாத்தா யாரையுமே பார்க்காத மாதிரி இருக்கும். அது ஏன் என்று நர்ஸிங் படிக்கும்போதுதான் புரிந்தது.

வகுப்பில் பென் டார்ச் கொடுத்துக் கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். நேர் எதிரே ஒரு விளக்கைக் காட்டினால் இரண்டு கண்ணிலும் பாப்பாவின் நடுவை ஒட்டி, ஒரே மாதிரி இடத்தில் வெள்ளைப் புள்ளி விழ வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் விலகி விழுந்தால் மாறுகண்ணா என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் கண் மருத்துவர் ஜூலியஸ் ஹிர்ஷ்பெர்க் பெயரால் வழங்கும் சோதனை இது. 1 மில்லிமீட்டர் விலகல் என்றால் கண் சுமார் 7 பாகை திரும்பியிருக்கிறது என்று கணக்கு.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தாவைத்தான் முதலில் பார்த்தேன். வரைந்தவர் புள்ளி வைக்க மறக்கவில்லை. ஒரு கண்ணில் இடப்பக்கம் வைத்திருந்தார், மறு கண்ணில் வலப்பக்கம். தாத்தாவின் இரண்டு கண்களும் வெவ்வேறு அறைகளில் இருந்தன.

படக்காரர்கள் இந்தப் புள்ளியை கேட்ச்லைட் என்கிறார்கள். கருவிழியின் முன்னால் இருக்கும் கார்னியா, கண்ணீர் பூசிய ஒரு குவிந்த கண்ணாடி. எதிரே இருக்கும் சன்னல் அதில் கடுகளவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மலைப்பிரசங்கத்தில் கண்ணை விளக்கோடு ஒப்பிடும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கேமராவுக்கு முன்னால் கண் விளக்கு இல்லை, கண்ணாடி. ஒருவர் கண்ணில் ஒளி இல்லையென்றால் அவரிடம் உயிர்ப்பு இல்லை என்று அர்த்தமில்லை. நாம் அவரை இருட்டைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஆகவே ஆளைச் சன்னல் பக்கம் திருப்புங்கள். நேரே அல்ல, கொஞ்சம் சாய்வாக. ஒளி கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து வந்தால் புள்ளி பாப்பாவுக்கு மேலே விழும், அதுதான் இயல்பு. கண் குழிந்த முதியவர் என்றால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள், கீழிருந்து வெளிச்சம் ஏறும். நேர்வெயில் படாத வடக்குச் சன்னலைத் தேடு என்பது ஐரோப்பிய ஓவியர்களின் பழைய பாடம். இங்கே அது தலைகீழ். ஆக்லாந்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மென்மையான ஒளி வேண்டுமென்றால் தெற்குச் சன்னல்.

நர்ஸாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாஷ் போட்டு எடுத்த குழந்தையின் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் பாப்பா வெள்ளையாகவும் தெரிந்தால், அழித்துவிட்டு வேறு படம் எடுக்காதீர்கள். பல நேரம் கோணத்தால் வருவதுதான். ஆனால் கண்புரையாகவோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆக்லாந்து ஆர்ட் கேலரியில் சார்ல்ஸ் கோல்டி (1870–1947) வரைந்த மாவோரி முதியவர்களின் படங்கள் இருக்கின்றன. இந்த ஊரில் பிறந்து பாரிஸில் படித்தவர். பச்சை குத்திய முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும், ஈரக் கண்ணின் மினுக்கமும் தெரியும். ஆனால் அவர் படங்களில் பல கண்கள் தாழ்ந்திருக்கும், அல்லது எங்கோ பழசை நினைத்திருக்கும். அழிந்துபோகும் இனமாக அவர்களைக் காட்டினார் என்ற விமர்சனம் அதனால் வந்தது. அவர்கள் அழியவில்லை. இன்று பேரன் பேத்திகள் அந்தப் படங்களின் முன்னால் தம் முன்னோரைக் காண வந்து நிற்கிறார்கள். ஒளி வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எதைப் பார்க்கவைக்கிறோம் என்பதும் நம் பொறுப்பு. கதை எழுதும் எனக்கும் இது பொருந்தும்.

நான் கவனித்துக்கொண்ட ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றார். மகன் போனை என்னிடம் தந்தார். சன்னலுக்கு முதுகு காட்டிச் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் இருண்டு கண்கள் இரண்டும் குழிகளாகத் தெரிந்தன. பிளாஷை எடுத்ததும், "கண்ணுக்குள்ள லைட் அடிக்காதை பிள்ளை" என்றார்.

நாற்காலியைத் திருப்பினேன். வெளியே மழை விட்டிருந்தது. மடியில் வெள்ளைத் துண்டு. "தங்கச்சி அங்க நிக்கிறா எண்டு நினைச்சுப் பாருங்கோ அம்மா" என்றார் மகன். அவர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் ஒரே சன்னல்.

சில வாரங்கள் கழித்து அவருடைய இறுதிச் சடங்கில் அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள். யாரும் கண் வரைய வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நாளைக்குக் காலையிலேயே நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள்.